வெளிப் பாத்திரம்

வட்டத்துக்குள்ள நில்லுங்க என்று கடைக்குள்ளிருந்து குரல் வருகிறது, என்னைச் சொல்கிறதா எனக்கு முன்னால் நிற்கிற பச்சைச் சட்டைக்காரரைச் சொல்கிறதா தெரியவில்லை, எதற்கும் இருக்கட்டும் என்று காலை ஒடுக்கிக்கொள்கிறேன், ஆனால் வட்டம் எங்கே இருக்கிறது, சுண்ணாம்பில் போட்டது பாதி அழிந்து தேய்பிறை மாதிரி கிடக்கிறது, நான் நிற்பது உள்ளேயா வெளியேயா என்று அந்தச் சுண்ணாம்புக்கே தெரியாது. என் வீட்டுக்காரர் பார்த்திருந்தால் இந்நேரம் ஆள் அனுப்பிப் புதிதாகப் போடச் சொல்லியிருப்பார். படுத்துக்கொண்டே சொல்வார். "என்ன ரெஜி, வட்டம் அழிஞ்சிருக்கா, எந்தக் கடை" என்று கேட்டுக்கொண்டே தலையணைக்குப் பக்கத்தில் போனைத் துழாவுவார். சவரிராஜ் என்று பெயர், இந்த வார்டுக்கு சானிட்டரி இன்ஸ்பெக்டர். பாலக்கரையில் கடை வைத்திருக்கிற யாருக்கும் அவரைத் தெரியாமல் இருக்காது, அதுதான் இப்போது என் பயமே. ஐம்பதைத் தாண்டிய பொம்பளை, ஒரு தூக்குவாளியைத் திருட்டுச் சாமான் மாதிரி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நிற்கிறேன். வெயில் வேறு, மாஸ்க்குக்குள் என் மூச்சே என் முகத்தில் திரும்பி அடிக்கிறது, காலையில் குடித்த காப்பியின் வாசனையோடு. வாசனை தெரிகிறதே என்று உடனே ஒரு சந்தோஷம், உடனே ஒரு குற்ற உணர்ச்சி. இப்படித்தான் கொஞ்ச நாளாக, எதை மோந்தாலும் ஒரு கணம் நிம்மதி, மறுகணம் அவர் நினைப்பு. சோப்பை மோந்து பார்க்கிறேன், மல்லித்தழையை மோந்து பார்க்கிறேன், அடுப்படியில் யாரும் இல்லாதபோது காயப்பொடி டப்பாவைத் திறந்து மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிறேன், யாராவது பார்த்தால் பைத்தியம் என்பார்கள்.

கடை வாசலில் இரண்டு அறிவிப்பு தொங்குகிறது. மேலே பச்சை போர்டு, போன வருஷம் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது மாட்டியது, பார்சலுக்குப் பாத்திரம் கொண்டு வாருங்கள் என்று எழுதியிருக்கும், ஓரத்தில் ஒரு தூக்குவாளி படம்கூட உண்டு. கீழே வெள்ளைத் தாள், நாலு மூலையிலும் டேப், நோய்த்தொற்று காரணமாக வெளிப் பாத்திரங்களில் உணவு வழங்கப்படமாட்டாது. இரண்டையும் மாட்டியது ஒரே ஆள். பச்சை போர்டு கோணலாக இருக்கிறது என்று அவரே ஸ்டூலில் ஏறி நேராக்கினாராம், வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார். வெள்ளைத் தாள் கட்டு எங்கள் சாப்பாட்டு மேசையில்தான் கிடந்தது, அவர் கத்தரியால் வெட்டினார், நான் டேப் கிழித்துக் கொடுத்தேன், "நேத்து வரைக்கும் கொண்டு வான்னீங்க, இன்னைக்குக் கொண்டு வராதேன்னா ஜனங்க என்னதாங்க பண்ணும்" என்று கேட்டேன். "நேத்து இருந்த நிலைமை வேற, இன்னைக்கு இருக்கிறது வேற" என்றார், கத்தரியிலிருந்து கண்ணை எடுக்காமல். அது சரிதான், முதலில் மாஸ்க் எல்லாருக்கும் வேண்டாம் என்றார்கள், அப்புறம் போடாவிட்டால் அபராதம் என்றார்கள், கடை மதியம் வரை என்றார்கள், சாயந்தரம் வரை என்றார்கள், மறுபடி மதியம் வரை என்றார்கள், ஒவ்வொன்றையும் தெருத்தெருவாகப் போய்ச் சொன்னவர் இவர்தான், ஒவ்வொன்றையும் வேதவாக்கு மாதிரிச் சொன்னார், மாறினால் மாறினதை வேதவாக்கு மாதிரிச் சொன்னார். இப்போது நான் அந்தப் போர்டுக்கும் தாளுக்கும் நடுவில் நிற்கிறேன். மேலே உள்ளதைக் கேட்டால் பாத்திரம் வேண்டும், கீழே உள்ளதைக் கேட்டால் கூடாது, இரண்டும் என் புருஷன் வாக்கு. கூடாது என்று தெரிந்தும் ஏன் தூக்கைக் கொண்டு வந்தேன் என்றால், கவரில் வாங்கிக்கொண்டு போனால் அவர் தொடமாட்டார். உயிர் போகிற பசியாக இருந்தாலும் தொடமாட்டார். அந்த மனுஷனை எனக்குத் தெரியும்.

ஒருமுறை கறிக்கடையில் பையை மறந்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், கறிக்கடைக்காரர் கருப்புக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டார், நானும் பூசை முடிந்து வந்த களைப்பில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வாசலிலேயே நிறுத்தினார். ஒன்றும் திட்டவில்லை, அவருக்குத் திட்டத் தெரியாது, ஒரு சட்டியைக் கொண்டுவந்து கறியை அதில் கொட்டிவிட்டு அந்தக் கவரைக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினார், கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போட்டார், என் புடவைக்கும் அவர் பனியனுக்கும் நடுவில் அது காற்றில் உப்பிக்கொண்டு ஆடியது. மறுநாள் காலையில் அதை நாலாக மடித்துக் கொண்டுபோய்க் கறிக்கடைக்காரரிடமே கொடுத்து, இது உங்களுடையது, இனிமேல் எங்கள் வீட்டுக்குக் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்கு ஒரு வாரம் அந்தத் தெருப் பக்கம் தலைகாட்ட வெட்கம். ஆனால் ராத்திரி படுத்துக்கொண்டு அந்தக் கவர் கொடியில் ஆடினதை நினைத்தால் சிரிப்பு வந்துவிடும், இவர் என்ன சிரிக்கிறே என்பார், ஒன்றுமில்லை என்பேன். அப்படிப்பட்டவரைத்தான் அன்றைக்கு ஆம்புலன்சில் வந்தவர்கள் தலையிலிருந்து கால் வரை பிளாஸ்டிக்கில் மூடினார்கள், வந்தவர்களும் பிளாஸ்டிக்கில்தான் இருந்தார்கள், அவர் கழற்றிப் போட்ட சட்டையையும் வேட்டியையும் மஞ்சள் கவரில் போட்டு இறுக்கிக் கட்டினார்கள், அவரையே பார்சல் கட்டின மாதிரி இருந்தது. நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். ஏறப் போனவர் திரும்பி என்னைப் பார்த்து, "இதுக்கெல்லாம் விதிவிலக்கு உண்டு ரெஜி" என்றார். நான் கவரைப் பார்த்துத்தான் அழுகிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. இல்லை, தெரிந்தேதான் சொன்னாரோ. இத்தனை வருஷமாகியும் சில நேரம் எனக்குப் பிடிபடுவதில்லை.

வரிசை ஒரு வட்டம் நகர்கிறது. நானும் நகர்கிறேன், எனக்குப் பின்னால் நிற்கிறவர் நகரவில்லை, நடுவில் இரண்டு வட்டம் காலியாகக் கிடக்கிறது. யார் என்று திரும்பிப் பார்க்கப் பயமாக இருக்கிறது, பார்த்தால் தெரிந்த முகமாக இருக்கும், தெரிந்த முகம் என்றால் அதற்கும் என்னைத் தெரியும், எங்கள் வீட்டு வாசலில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததும் தெரியும். அதை நேற்றுத்தான் சுரண்டி எடுத்தார்கள். சுரண்டின இடத்தில் பெயிண்டும் சேர்ந்து வந்துவிட்டது, சதுரமாக ஒரு வெள்ளை, தூரத்திலிருந்து பார்த்தால் இன்னும் ஸ்டிக்கர் இருக்கிற மாதிரியே இருக்கிறது. எனக்கு டெஸ்ட் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்று வந்தது, நான் வெளியே வரலாம், ரூல்படி வரலாம், நெற்றியில் எழுதி ஒட்டிக்கொள்ளவா முடியும். எதிர்வீட்டு பிலோமினா நல்ல மனசுக்காரிதான், அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒருநாள் இடியாப்பம் செய்து கேட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள், மறுநாள் கிண்ணத்தைப் பொடி போட்டுத் தேய்த்து, வெந்நீரில் போட்டு எடுத்து, எங்கள் கேட்டுக்குள் நின்றே கூப்பிட்டேன், மாடியில் நின்றுகொண்டு "அக்கா, அந்தக் கிண்ணத்தை நீங்களே வச்சுக்கங்க, எங்ககிட்ட நிறையா இருக்கு" என்றாள். அவள் மேல் தப்பில்லை, சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு. ஆனாலும் அந்தக் கிண்ணத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு மாதிரி இருக்கிறது, அடுக்கில் பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன், எதையாவது எடுக்கப் போனால் அதுதான் முதலில் கையில் படுகிறது.

அவருக்கு எப்படித் தெரிந்தது என்றால் பிளீச்சிங் பவுடரால்தான் தெரிந்தது. அந்த வாசனையிலேயே வேலை பார்த்தவர், எந்தத் தெருவில் எப்போது போட்டார்கள் என்று மூக்கை வைத்தே சொல்வார். ஒருநாள் காலையில் மூட்டையைப் பிரித்திருக்கிறார்கள், தூசி கிளம்பி மற்றவர்களெல்லாம் இருமியிருக்கிறார்கள், இவருக்கு ஒன்றுமே வரவில்லை. குனிந்து ஒரு கை அள்ளி மோந்து பார்த்தாராம். நேரே வீட்டுக்கு வந்தார், கேட்டுக்கு வெளியிலேயே நின்றார், நான் கதவைத் திறக்கப் போனபோது கையை நீட்டித் தடுத்தார். "கிட்ட வராதே ரெஜி. பிளீச்சிங் பவுடர் மணக்கலை" என்றார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. வேலை போனவன் முகம் மாதிரி இருந்தது. காய்ச்சல் வந்தது, போனது, மூச்சு வாங்கியது, அதுவும் ஆண்டவர் கிருபையால் இறங்கியது, நாக்கும் மூக்கும் மட்டும் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்தும் இன்னும் ஒரு வாரம் தனியாக இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள், பின்னறையில் இருக்கிறார், கதவோரம் ஸ்டூல், அதில் தட்டை வைத்துவிட்டு நான் தள்ளி நிற்பேன், அவர் எடுத்துக்கொண்டு போவார், போன மாதிரியே கொண்டுவந்து வைப்பார். மீன் குழம்பு வைத்தேன், பஞ்சைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்றார். இஞ்சித் துவையல் அரைத்தேன், ஈர மண் என்றார். பூண்டு ரசமும்தான் வைத்தேன், வெந்நீர் நல்லாயிருக்கிறது என்றார், கிண்டல் இல்லை, நிஜமாகவே வெந்நீர் என்று நினைத்துக் குடித்திருக்கிறார். கழுத்தெலும்பு தெரிகிறது, பனியன் தோளில் நிற்காமல் வழிகிறது, பெங்களூரிலிருந்து மகள் வீடியோவில் பார்த்துவிட்டு, அப்பா ஏம்மா இப்படி ஆயிட்டார் என்று கேட்டு போனைத் திருப்பி வைத்துக்கொண்டாள், அவளுக்கு இ-பாஸ் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் வராதே என்று இவரே சொல்லிவிட்டார். இன்றைக்குக் காலையில்தான், கதவுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, "ரெஜி, நம்ம குழந்தைவேலு கடை பூண்டு ரசம் ஒரு டம்ளர் கிடைச்சாக் குடிக்கலாம் போல இருக்கு" என்றார். குடிக்கலாம் போல இருக்கு. எத்தனை நாளாகிவிட்டது இந்தப் போல இருக்கு என்ற வார்த்தையைக் கேட்டு. என் பூண்டு ரசத்துக்கு என்ன குறைச்சல் என்று வாய் வரைக்கும் வந்தது, முழுங்கிக்கொண்டு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன், செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு பாதித் தெருவில் போய்த்தான் கவனித்தேன்.

ஆனால் குழந்தைவேலு கடையா, அதுதான் உறுத்துகிறது, வேறே எந்தக் கடையைச் சொல்லியிருந்தாலும் யோசிக்காமல் போயிருப்பேன். தடை வந்த புதிதில் நான் எதிர்ச் சாரி மருந்துக் கடையில் நின்றுகொண்டிருந்தேன், இவர் ஆட்களோடு வந்து குழந்தைவேலு கடையிலிருந்து கட்டுக் கட்டாகக் கவர்களைத் தூக்கி வண்டியில் போட்டார், சாம்பார் கட்டுகிற சின்னக் கவர், சோற்றுக்குப் பெரிய கவர், மேசையில் விரிக்கிற பிளாஸ்டிக் இலை, எல்லாம். கல்லாவுக்குப் பின்னால் குழந்தைவேலு கையைக் கட்டிக்கொண்டு நின்றார், அவர் சம்சாரம் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதி வாயோடு பார்த்தார்கள். நான் மாத்திரையை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி வந்துவிட்டேன். கை கட்டின மனுஷன் கடையில் போய் இவர் ரசம் கேட்கிறாராம், நான் போய் வாங்கி வரவேண்டுமாம். தரமாட்டேன் என்று சொன்னால்கூடப் பரவாயில்லை, எல்லார் முன்னாலும் ஏதாவது கேட்டுவிட்டால் என்ன செய்வேன், உங்க வீட்டுக்காரர் ரூல் என்னம்மா இப்ப என்று கேட்டால். கேட்கட்டும், கேட்டால் நின்று கேட்டுக்கொள்வேன், ரசத்தைக் கொடுத்துவிட்டுக் கேட்கட்டும். பச்சைச் சட்டைக்காரர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு விலகுகிறார், வாழையிலைக்கு மேல் பேப்பர் சுற்றினது, இட்லியாக இருக்கும், இட்லி வாங்குகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள், ரசத்தை எந்த இலையில் கட்டுவது.

"என்னம்மா வேணும்?"

மேசைக்குக் குறுக்கே கயிறு கட்டியிருக்கிறது. குழந்தைவேலு முகத்துக்கு முன்னால் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், அதற்குள் மாஸ்க், அதற்குள் மீசை இருக்க வேண்டும். பூண்டு ரசம் என்கிறேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்கிறேன். அவர் கண் என் மேலேயே நிற்கிறது.

"நீங்க இன்ஸ்பெக்டர் சார் வீட்டம்மாதானே?"

மாஸ்க் போட்டால் அடையாளம் தெரியாது என்று யார் சொன்னது. எனக்குப் பின்னால் செருப்புகள் இன்னும் கொஞ்சம் பின்வாங்குகிற சத்தம். ஆமாங்க என்கிறேன், அவர் வீட்டுக்கு வந்துவிட்டார், எனக்கு ஒன்றும் இல்லை, டெஸ்டில் இல்லை என்று வந்துவிட்டது என்று கேட்காததையெல்லாம் சொல்கிறேன்.

"சார் எப்படி இருக்காரு?"

"வாய்க்கு ஒண்ணும் பிடிக்க மாட்டேங்குது. உங்க கடை ரசம் குடிக்கணும்னு கேட்டார்."

"சாரே கேட்டாரா? என் கடை ரசம்னு சொல்லியா?"

"ஆமா. தூக்கு கொண்டாந்திருக்கேன். வாங்கக் கூடாதுன்னு தெரியும்." முந்தானைக்குள்ளிருந்து தூக்கை எடுக்கிறேன், கை வேர்த்து வழுக்குகிறது.

"வாங்கக் கூடாதும்மா, சார் ஒட்டின தாளு, தோ இருக்கு. ஒண்ணு பண்றேன், கவர்ல ஊத்தித் தர்றேன். இப்ப எல்லாக் கடையிலேயும் கவர் வந்துருச்சு, கேட்கத்தான் ஆள் இல்லையே." சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்துகிறார். கேட்கிற ஆள் எங்கே படுத்திருக்கிறார் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்துவிட்டது.

"கவர்ல கொண்டுபோனா அவர் தொடமாட்டாருங்க" என்கிறேன்.

அந்த பிளாஸ்டிக்குக்குப் பின்னால் குழந்தைவேலு கண் சுருங்குகிறது, சிரிக்கிறார். "தொடமாட்டாருதான். தாயம்மா, நம்ம வீட்டுத் தூக்கை எடு, அந்தப் பெரிய தூக்கு." உள்ளேயிருந்து அவர் சம்சாரம் ஒரு எவர்சில்வர் தூக்கைக் கொண்டுவருகிறது, வயிற்றில் பெயர் வெட்டியிருக்கிறது, சீரில் வந்த பாத்திரமாக இருக்க வேண்டும். "இது எங்க பாத்திரம். வெளிப் பாத்திரம் இல்லை. கவரும் இல்லை. சார் கேட்டா இதைச் சொல்லுங்க, ரூல்ல எங்கயாவது இடிக்குதான்னு பாத்துச் சொல்லச் சொல்லுங்க" என்கிறார்.

வேண்டாங்க, எங்கள் வீட்டுக்கு வந்த பாத்திரத்தை நீங்கள் திரும்ப எப்படி என்று ஆரம்பிக்கிறேன், அடுக்கின் பின்னால் அந்தக் கிண்ணம் தெரிகிறது. தாயம்மாதான் பதில் சொல்கிறது, "அதுக்கென்னக்கா, ஒரு கொதி வெந்நீர்ல போட்டாத் தீந்துச்சு. எப்ப ஒழியுதோ அப்பக் கொண்டாங்க." அக்கா என்று கூப்பிட்டுவிட்டது. கண்ணைத் துடைக்கக் கூடாது, முகத்தைத் தொடக் கூடாது என்பதும் ஒரு ரூல்தான், அப்படியே நிற்கிறேன், கண்ணீர் மாஸ்க் ஓரத்தில் இறங்கி நனைகிறது.

"ஒண்ணு சொல்றேம்மா, தப்பா எடுத்துக்காதீங்க" என்கிறார் குழந்தைவேலு, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு. "அன்னைக்கு சார் கவரெல்லாம் தூக்கிட்டுப் போனப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது. சாயந்தரம் பாத்தா வாசல்ல வந்து நிக்கிறாரு. ரசம் இருக்கான்னாரு. எனக்கு என்ன பேசறதுன்னே தெரியலை, ஊத்திக் குடுத்தேன். குடிச்சுட்டு, நல்லாத்தான் இருக்கு, ஆனா உப்பு ஒரு கல்லு கூடன்னு சொல்லிட்டுப் போனாரு. அதுலேருந்து டியூட்டி முடிஞ்சா வந்துருவாரு. தினம் ஏதாவது ஒரு குறை சொல்லுவாரு. நான் அதை வச்சுத்தான் மறுநாள் ரசம் வைப்பேன்." தினமா. சாயந்தரம் சாயந்தரம் இங்கே நின்று குடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து என் ரசத்தையும் ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறார், இந்தக் கடையில் குடித்ததை ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், நான் கேட்கவில்லை, யார்தான் புருஷனிடம் வரும் வழியில் ரசம் குடித்தீர்களா என்று கேட்பார்கள். பொறாமைப்பட வேண்டும்போல் இருக்கிறது, வரவில்லை, உப்பு ஒரு கல்லு கூட என்று அவர் சொல்கிற தோரணைதான் கண்ணுக்குள் நிற்கிறது.

"ஆனா பூண்டு இல்லம்மா இன்னைக்கு" என்கிறார். "மார்க்கெட்டை வேற இடத்துக்கு மாத்தினதுலேருந்து ஒழுங்கா வரத்து இல்லை. வெறும் தக்காளி ரசம்தான் வச்சிருக்கேன். ஒரு பல்லுகூடப் போடலை. பரவாயில்லையா?"

என்ன சொல்வது. பரவாயில்லை என்கிறேன். வடிகட்டின ரசம், தெளிவாகச் சிவப்பாக, ஆவி பறக்கத் தூக்கில் இறங்குகிறது.

தூக்கு கனக்கிறது, எங்கள் தூக்கு ஒரு கையில் காலியாக, இவர்கள் தூக்கு ஒரு கையில் நிறைந்து, நடை ஒரு பக்கமாகச் சாய்கிறது. மாதா கோயில் மணி அடிக்கிறது, கோயில் பூட்டித்தான் இருக்கிறது, மணி மட்டும் அடிக்கிறார்கள், நடந்துகொண்டே மனதுக்குள் அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்து நடுவிலேயே விட்டுவிடுகிறேன், பூண்டு இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது என்று அதுவே ஓடுகிறது. சொல்லத்தான் வேண்டும். அவரிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, பொய்யை அவர் முகத்துக்கு நேரே சொல்லவும் முடியாது, அவர் பொய் சொல்லாதவர், அந்த மாதிரி ஆட்களுக்கு முன்னால் நமக்கும் வாய் வராது. கல்யாணமான புதிதில் என் அப்பா விருந்துக்கு வந்திருந்தார், நான் வைத்த முதல் குழம்பை இவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, அப்பா முன்னாலேயே, புளி சரியாகக் கரையவில்லை என்றார். அடுப்படிக்குள் போய் அழுதேன். அப்பா பின்னாலேயே வந்து, "அழாதேம்மா, இந்த ஆளு எதையும் மறைக்க மாட்டாரு, உனக்குக் கஷ்டந்தான், ஆனா பயமில்லை" என்றார். நிஜம். இத்தனை வருஷத்தில் என் சமையலை நல்லாயிருக்கிறது என்று அவர் சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் சொன்னால் அது அப்படித்தான் இருக்கும். புடவை எடுத்தால் இந்தக் கலர் உனக்கு வேண்டாம் என்பார், வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் இப்போது எப்படி இருக்கிறது சார் என்று கேட்டபோதுகூட, நல்லாயிருக்கிறேன் என்று சொல்லி வீட்டுக்கு வரத் தெரியவில்லை, முக்கால்வாசி சரியாகியிருக்கிறது, கால்வாசி இல்லை என்றாராம், இன்னும் இரண்டு நாள் வைத்துக்கொண்டார்கள். அப்படிப்பட்டவரிடம் போய், பூண்டு ரசம் என்று கேட்டீர்கள், இது தக்காளி ரசம் என்று சொன்னால் என்ன ஆகும், சரி வை என்பார், ஒரு வாய் குடிப்பார், வெந்நீர் என்பார், அந்தப் போல இருக்கு போய்விடும். சொல்லாமல் கொடுத்தால், குடித்துவிட்டுப் பூண்டு தெரியவில்லையே ரெஜி, என் நாக்கு இனிமேல் திரும்பாதா என்று கேட்பார், அதை என்னால் கேட்க முடியாது, அதற்கு முதலிலேயே சொல்வது மேல். சொல்லிவிட வேண்டும். வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும்.

செருப்பைக் கழற்றி, கையைக் கழுவி, டம்ளரை எடுத்து, ரசத்தை ஊற்றியாகிவிட்டது, இன்னும் சொல்லவில்லை. தூக்கையும் கொண்டுபோய்க் கீழே வைத்துவிட்டுப் பின்னறைக் கதவைத் தட்டுகிறேன். திறக்கிறார். தலையை வாரியிருக்கிறார், ஈரச் சீப்பில் படிய வாரி வகிடு எடுத்திருக்கிறார், பனியனுக்கு மேல் சட்டை போட்டிருக்கிறார், பட்டன் ஒன்று மாறிப் போயிருக்கிறது, போய்க் கட்டிலில் நேராக உட்கார்கிறார், ரசத்துக்காகத்தான் இவ்வளவும்.

"ரொம்ப நேரம் வெயில்ல நின்னியா? முகமெல்லாம் செவந்து கிடக்கே."

"இல்லை இல்லை, சீக்கிரம் கிடைச்சுது."

"தூக்கு நம்மது இல்லையே?"

குழந்தைவேலு சொன்னதைச் சொல்கிறேன், வெளிப் பாத்திரமும் இல்லை, கவரும் இல்லை, ரூலில் எங்கேயாவது இடிக்கிறதா என்று கேட்டார் என்கிறேன். யோசிக்கிறார். நிஜமாகவே யோசிக்கிறார், நெற்றியில் அந்தக் கோடு விழுகிறது, எத்தனை நாளாயிற்று அதைப் பார்த்து. "இடிக்கலை" என்கிறார். "இதை நாமளே சொல்லியிருக்கலாம். கடைக்காரங்களே பாத்திரம் குடுத்துத் திரும்ப வாங்கிக்கலாம்னு." டம்ளரை ஸ்டூலில் வைத்துவிட்டுச் சுவரோரம் தள்ளி நிற்கிறேன். என்னங்க, ஒண்ணு சொல்லணும் என்று ஆரம்பிக்கிறேன், அதற்குள் வந்து எடுத்துக்கொண்டு திரும்பப் போய் உட்கார்ந்துவிட்டார், ஊதுகிறார், கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடிக்கிறார். அந்த முகத்தை நான் பார்க்கிறேன், ஒன்றுமே நடக்கவில்லை, புளிப்புக்குச் சுருங்கவில்லை, மிளகுக்குத் தொண்டையைச் செருமவில்லை, தண்ணீர் குடிக்கிற முகம். இன்னொரு வாய். அதுவும் அப்படியே. கண்ணைத் திறந்து டம்ளருக்குள் பார்க்கிறார், அப்புறம் என்னைப் பார்க்கிறார், வேர்வையில் ஒட்டின ஜாக்கெட்டை, நனைந்த மாஸ்க்கை, எல்லாவற்றையும் மெதுவாகப் பார்க்கிறார். நான் வாயைத் திறக்கிறேன்.

"பிரமாதம் ரெஜி" என்கிறார். "பூண்டு என்னமா தூக்கலா இருக்கு. மூக்குல ஏறுது."

வாயைத் திறந்தபடியே நிற்கிறேன். மூக்கில் ஏறுகிறதாம். அடுத்த வாயைக் குடிக்கிறார், குடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டுகிறார், சப்புக்கொட்டுவதுகூட அவருக்குப் பழக்கமில்லாத வேலை, நாடகத்தில் பார்த்துச் செய்கிற மாதிரி இருக்கிறது. இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் சொல்லி நான் கேட்ட முதல் பொய், அதையும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது, எது வந்தாலும் மாஸ்க்குக்குள் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொள்கிறேன். டம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டார். காலையிலிருந்து தண்ணீரைத் தவிர ஒன்றும் இறங்காத வயிறு.

"ஆமாங்க" என்கிறேன். "தெருமுனையிலேயே மணந்துச்சு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுந்து வந்து டம்ளரை ஸ்டூலில் வைக்கிறார். "இன்னும் இருக்கா?" என்கிறார்.